ஏலக் குரல்

பெரியதாழையிலிருந்து பஸ் ஏறி வந்து சவேரியாள் வாசலில் நின்றதும், சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நேசக்குமார் பயந்தான். அவள் கணவன் மிக்கேல் கடற்கரையில் மீன் ஏலம் கூறியதை ஒரு சினிமாப் பாட்டோடு கலந்து, நேசக்குமார் கேலி வீடியோவாக யூடியூபில் போட்டிருந்தான். பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மன்னிச்சிருங்கக்கா. நையாண்டிக்குச் சட்டத்துல இடமிருக்குன்னு நெனச்சேன். பாட்டுக் கம்பெனியும் காப்பிரைட் நோட்டீஸ் அனுப்பிட்டான். இப்பவே அழிச்சிருதேன்."

சவேரியாள் பதறிப்போனாள்.

"ஐயோ, அழிச்சிராதிய தம்பி! போன மாசம் வள்ளம் கவுந்து அவுக போயிட்டாவ. போனும் கடலோட போச்சு. அவுக சத்தம் வேற எங்கனயும் இல்ல. பாட்டில்லாம அந்தச் சத்தத்த மட்டும் கேட்டு வாங்கத்தான் வந்தேன்."

நேசக்குமார் கம்ப்யூட்டரைத் திறந்து பாட்டை நீக்கிவிட்டு வீடியோவை ஓடவிட்டான்.

"வாங்க அண்ணாச்சி, துடிக்கத் துடிக்கச் சாளை!" என்றது மிக்கேலின் குரல்.

நேசக்குமாருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. சவேரியாள் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா போடுங்க தம்பி" என்றாள்.