கை காட்டினால் நிற்கும் பஸ்

“ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?”

கத்திக்கொண்டே காரிலிருந்து இறங்கினேன்.

போளூர் ஆஸ்பத்திரிக்கு எதிரே நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது எங்கள் மலை பஸ். பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது. அதன் பின்னால் லாரி, டிராக்டர், நாலைந்து ஆட்டோ, கடைசியில் நான். அதுவரை ஊர்ந்து வந்த வண்டிகளும் இப்போது அடியோடு நின்றுவிட்டன. ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள்.

பஸ் கண்டக்டர் சக்திவேல்மேல் எனக்கு ஒன்பது வருஷத்துக் கோபம்.

மலையில் ஸ்டாப் எல்லாம் பார்ப்பதில்லை. கை காட்டின இடத்தில் பஸ் நிற்கும். நான் கை காட்டின அன்றைக்கு மட்டும் நிற்கவில்லை. தங்கச்சி மகள் நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான், சீர்த்தட்டோடு நிற்கிறேன். “எடமில்ல, அடுத்த பஸ்ல வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த பஸ் சாயங்காலம். நான் இல்லாமலே தட்டு மாற்றிவிட்டார்கள்.

அன்றோடு அந்த பஸ்ஸில் ஏறுவதை விட்டேன். பழைய கார் ஒன்று வாங்கினேன். நான் ஒருவனே போவேன், ஒருவனே வருவேன்.

இன்றைக்கு மாட்டினான். செல்போனை எடுத்து வீடியோ பிடித்துக்கொண்டே பஸ்ஸை நோக்கி நடந்தேன். மேலே அனுப்பினால் போதும், அவன் வேலைக்கு வேட்டுதான்.

“பெரியவரே, இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துற?” என்றான் ஓர் ஆட்டோக்காரன்.

“நடுரோட்ல நிறுத்தி வெச்சிருக்கான், பாத்தியா?”

“பஸ்ல அறுபது பேரு. உன் ஒருத்தனுக்கு ஒரு காரு. இதுல ரோட்ட அடைச்சது யாருன்ற?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“டேய் சக்திவேலு! நெனச்ச எடத்துல நிறுத்த இது மலை இல்லடா!”

அவன் பின்படிக்குக் கீழே நின்று யாரையோ கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்.

“மலையில கை காட்டுனா நிறுத்துறோம். இங்க கால் நொந்தா நிறுத்துறோம். வாரத்துல ஒரு நாளு, ரெண்டே நிமிஷம். பொறுத்துக்கங்க.”

“எறங்குறது யாரு, கலெக்டரம்மாவா?”

கேட்டுக்கொண்டே செல்போனை இன்னும் கிட்டே நீட்டினேன். வீங்கின முட்டி ஒன்று தெரிந்தது. அப்புறம் பச்சைச் சேலை. அப்புறம் முகம்.

என் மனைவி மங்கம்மாள்.

காலையில், “ஆஸ்பத்திரி வரைக்கும் நானும் கார்லயே வரட்டா?” என்று கேட்டாள். பின்சீட்டில் புளி மூட்டை இருக்கிறது என்றேன். முன்சீட் காலியாக இருந்ததை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

செல்போனை இறக்கினேன்.

ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சக்திவேல் தோளையும் பிடித்துக்கொண்டு, கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். குனிந்த தலை நிமிரவில்லை. அந்த ஹாரன் சத்தத்தில் என் குரலும் அவளுக்குப் பிடிபடவில்லை.

“யாருப்பா அது, இம்மாஞ் சத்தம் போடுறது? என்னாலதான் உனக்குப் பேச்சு.”

சக்திவேல் அப்போதுதான் திரும்பினான். என்னை நன்றாகப் பார்த்தான். மெதுவாக நகர்ந்து, அவளுக்கும் எனக்கும் நடுவில் மறைத்தாற்போல் நின்றுகொண்டான்.

“யாரோ வெளியூர் ஆளும்மா. நீங்க பாத்து எறங்குங்க.”