ரொம்பப் படுத்துகிறார்

"உங்க வீட்டுக்காரருக்கு நாலு வந்திருக்கும்மா" என்றார் டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

அவள் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! போன தடவை ஒண்ணுதானே?"

"ஐயோ, இது பரீட்சை மார்க் இல்லம்மா. நோயாளி எவ்வளவு நடமாடுறார்னு, எங்க குறிப்பையெல்லாம் படிச்சு கம்ப்யூட்டரே போடற எண். பூஜ்யம்னா ஓடியாடுறார். நாலுன்னா படுத்த படுக்கை. இந்த உடம்பு கேன்சர் மருந்தைத் தாங்காது. நிறுத்திட வேண்டியதுதான்."

வாசலிலேயே சக்கர நாற்காலி கேட்டு வாங்கி, அதில் பூனை மாதிரி உட்கார்ந்திருந்த கணவரை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"படுத்த படுக்கையா? இவரா? இவர் போடுற ஆட்டத்துல நான்தான் சீக்கிரம் படுப்பேன்!"

"நீங்களும்தான் படுத்திருக்கீங்க அக்கா" என்றாள் நர்ஸ், திரையில் விரல் வைத்து. "'வீட்டில் அனைவரும் படுத்த படுக்கை'ன்னு போட்டிருக்கு."

"நான் நின்னுக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்!"

"கம்ப்யூட்டர்ல படுத்திருக்கீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "குறிப்பை எழுதினது யாரு?"

"நான்தான் சார். ஒவ்வொரு தடவையும் அக்கா சொன்னதை அப்படியே அடிச்சேன். 'ரொம்பப் படுத்துகிறார்.' 'ராத்திரி பகல் இல்லாமல் படுத்துகிறார்.' 'வீட்டில் எல்லாரையும் படுத்துகிறார்.'"

மூன்று பேரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். அது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது.

"இந்தப் பெட்டிக்குக் கல்யாணம் ஆகலை போலிருக்கு!" என்று வெடித்தாள் அவள். "படுக்கிறது வேற, படுத்துறது வேற சார்!"

"சரி, அப்படி என்னதான் படுத்துறார்?"

"கை நீட்டினா எட்டுற தண்ணி. அதை அடுப்படியில இருக்கிற நான் ஓடி வந்து எடுத்துத் தரணும். ஜன்னலைத் திற, மூடு, இல்லை பாதி திற! எட்டு ஊருக்குக் கேக்கிற சத்தம். எழுந்து நடங்கன்னா மட்டும் காது கேக்காது. அவ்வளவும் திமிர்!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "இவ்வளவு தெம்பு இருந்தா மருந்தைத் தொடரலாமே. எங்கே சார், அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க."

"போங்க" என்று அவள் தோளைத் தட்டினாள். "வீட்ல காட்டுற வீராப்பை இங்கே காட்டுங்க."

அவர் கைப்பிடியை அழுத்தி எழப் பார்த்தார். இடுப்பு எழவில்லை.

"கம்ப்யூட்டர் சொன்னதுதான் டாக்டர் சரி" என்றார். "ஒரு மாசமாவே முடியலை."

டாக்டர் ஏதோ யோசித்து, கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்தார். "ஊசி மருந்து வேண்டாம். வீரியம் குறைஞ்ச மாத்திரையா தரேன். பார்க்கலாம்மா."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எழுந்திருக்கவே முடியாத மனுஷனுக்கு என்னத்துக்குங்க நாள் முழுக்க அந்தச் சத்தம்? கையெட்டுற தண்ணிக்குக்கூடவா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நான் சத்தம் போடாம படுத்திருந்தா, நீ பதறி ஓடி வந்து என் மூக்குகிட்ட விரலை வெச்சுப் பார்க்கிறியே..."