பொறுமைச் சோதனை

“கஸ்டமர் புகாரையெல்லாம் இனிமே இந்த வெளிக் கம்பெனி பார்த்துக்கும் சார். நம்ம ஆபீஸ்ல நாங்க அஞ்சு பேர் டீமா ரெண்டு மாசம் அலசிப் பிடிச்ச கம்பெனி,” என்றாள் மேனேஜர் சரண்யா.

“நானே சோதிச்சுப் பார்க்கிறேன்,” என்றார் தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி மாணிக்கவாசகம். அந்தக் கம்பெனியின் புகார் எண்ணை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, குரலை மாற்றிக்கொண்டார்.

“ஒரே தண்ணியில சேலை சாயம் போயிடுச்சு! அறிவிருக்கா உங்களுக்கு?”

“மன்னிச்சுக்குங்க சார். பில்லோட வாங்க, மாத்தித் தரச் சொல்றேன்,” என்றது ஒரு பெண் குரல்.

பத்து நிமிடம் கத்தினார். அந்தப் பெண்ணின் குரல் துளியும் உயரவில்லை. முதலாளி அசந்துபோனார்.

“இவ்வளவு பொறுமையை எங்கம்மா கத்துக்கிட்ட?”

“உங்ககிட்டதான் சார். ஏழு வருஷம் உங்க கடை பில்லிங்ல இருந்த புஷ்பம் பேசறேன். என்ன சார், இன்னைக்குத் திட்டு கம்மியா இருக்கு? உடம்பு சரியில்லையா?”