அப்பாவுக்குப் பக்கத்து இடம்

"இந்தக் கதவைத் திறக்க முடியாது" என்றார் தாவோன்.

அப்போது அந்தத் தீவுக் கோயிலின் மதிலோரம் இருந்தவர்கள் ஐந்து பேர்: தாவோன், அவர் மனைவி சம்லீ, ஊரே 'லுவாங் போ' என்று அழைக்கும் தலைமைப் பிக்கு, படகோட்டி பிரயூன், காலைப் படகில் அக்கரையிலிருந்து வந்த மாலி என்ற பெண். ஆறாவது ஆள் மாலியின் மடியில், வெள்ளைத் துணி சுற்றிய கலசத்தில் இருந்தார்.

மதிலை ஒட்டி நின்ற அஸ்தி ஸ்தூபிகளில் உயரமானது தாவோன் குடும்பத்துடையது. புயலில் சிக்கிய படகுகளை மீட்கப் போய்த் திரும்பாத அவருடைய அப்பா சங்கியத்துக்காகக் கட்டியது. முப்பத்தொரு வருடத்துக்கு முன், அக்கரையில் ஒதுங்கிய உடலை அங்கேயே எரித்து, அஸ்தியைத் தனியாளாகக் கொண்டுவந்தவர் தாவோன். அன்றிலிருந்து ஸ்தூபியின் சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்கியதில்லை.

"எங்கப்பாவோட கடைசி ஆசைங்க ஐயா" என்றாள் மாலி. "இந்த ஸ்தூபியிலதான் வைக்கணும்னார். வேற எங்கேயும் வேண்டாம்னார்."

"யாரு உங்கப்பா?"

மாலி கலசத்தைப் பார்த்தாள். "புயல் அன்னைக்கு சங்கியம் ஐயாவோட படகுல இருந்தவர்."

பிரயூன் தொடையில் தட்டினான். "கூட ஒரு கூலிக்காரனும் போனான்னு எங்கப்பன் அப்பவே சொன்னான். ஒருத்தரும் நம்பல. அந்த ஆளு பொழச்சுக் கெடந்திருக்கான் பாருங்க."

"வாயை மூடு, பிரயூன்."

"நான் மூடிக்கிறேன். ஆனா அந்தப் பொண்ணு கால் மரத்துப்போக உட்கார்ந்திருக்கே."

"கண்டவனையும் எங்கப்பா பக்கத்துல வைக்கிறதுக்கு இது சத்திரம் இல்ல."

சம்லீ பன்னீர்க் கிண்ணத்தோடு நெருங்கினாள். "ஏங்க, சொங்க்ரான் புத்தாண்டு அன்னைக்கு, அஸ்தி கழுவுற நாள்ல, செத்தவரை வாசல்ல நிறுத்துவாங்களா? உள்ளே நாலு பேருக்கு இடம் இருக்கே." பிறகு மாலியிடம், "இவர் அப்படித்தாம்மா. மாமனார் அஸ்தியைக் கழுவும்போது என்னைக்கூடக் கிட்ட விடமாட்டார். முப்பத்தொரு வருசமாக் கழுவுறார், தண்ணி இன்னும் கறுப்பாத்தான் வருது."

தாவோன் பார்த்த பார்வையில் அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

லுவாங் போ மாலியின் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா சங்கியத்தோட கடைசி நிமிஷம் உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமே அம்மா. வருசா வருசம் அவர் பேரைச் சொல்லித்தான் இங்கே எல்லாப் படகுக்கும் மாலை போடுறாங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லு. நாங்களும் கேட்கிறோம்."

மாலி தாவோனைப் பார்த்தாள். "லுவாங் போ முன்னாடி நான் பொய் சொல்ல மாட்டேன் ஐயா. அவர் கேட்டுட்டார். சொல்லட்டுமா?"

பிரயூன் குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான்.

"வேண்டாம்" என்றார் தாவோன். முதுகு வளையவில்லை. "என்கிட்ட மட்டும் சொல்லு."

மாலி எழுந்து, கலசத்தோடு அவர் அருகில் போய், காதோரம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

தாவோன் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கதவைத் திறந்தார். கலசத்தை இரண்டு கையாலும் வாங்கித் தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளே வைத்தார். சம்லீ கையிலிருந்த பன்னீர்க் கிண்ணத்தை வாங்கி மாலியிடம் கொடுத்தார். அவள் ஊற்றி முடித்ததும், யாருக்கும் தலை வணங்காத அந்த மனிதர் தரையில் நெற்றி படும்படி மூன்று முறை விழுந்து வணங்கினார்.

"ஒரு கூலிக்காரனுக்கா?" என்று முணுமுணுத்தான் பிரயூன்.

மாலைக்குள் தீவு முழுக்க அதே பேச்சு. யாரோ ஒரு கூலிக்காரனுக்குத் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாராம் தாவோன், எவ்வளவு பெரிய மனசு.

அது தவறு. புயலில் சாகாமல் ஓடிப்போன அப்பாவின் பெயர் கெடாமலிருக்கத் தாவோன் முப்பத்தொரு வருடமாகக் கழுவிவந்தது வெறும் கொட்டாங்கச்சிக் கரியை; அன்று மாலி அவர் காதில் சொன்னது இதுதான்: "அண்ணே, அப்பா வீட்டுக்கு வந்துட்டார்."