இரண்டு விமானங்கள்

விமானம் செய்யும் அந்தப் பெரிய கம்பெனியின் தலைமை அதிகாரி ரஸ்ஸலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இயக்குநர்கள் குழு அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி முக்கால் மணி நேரமாகிவிட்டது.

"புது விமானம் தள்ளிப்போனதுக்கு நான் மட்டுமா காரணம், நடீன்?"

"முதல்ல உட்காருங்க ரஸ்ஸல்," என்றாள் அவருடைய செயலாளர்.

"சாயங்காலம் சிகாகோ திரும்ப ஏற்பாடு பண்ணியாச்சா?"

"எப்பவும்போல ரெண்டு விமானம். ஒண்ணுல நீங்க, இன்னொண்ணுல உங்க துணை அதிகாரி மார்லா."

ரஸ்ஸல் சிரித்துவிட்டார். "விமானம் செய்யற நமக்கே அது மேல நம்பிக்கை இல்ல பாரு!"

"ஒண்ணு விழுந்தாலும் கம்பெனியை நடத்த ஒருத்தராவது மிஞ்சணும்னு குழு போட்ட விதியாச்சே!"

கதவு திறந்தது. குழுத் தலைவர் எல்வுட் வந்து ரஸ்ஸலின் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீங்க. வீட்டுக்குப் போய் நல்லா ஓய்வெடுங்க. திங்கட்கிழமை பேசுவோம்."

ரஸ்ஸலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்வுட் நகர்ந்ததும் நடீனின் போன் அடித்தது. பேசி முடித்து நிமிர்ந்தாள்.

"விமான நிலையத்துலேர்ந்து. எல்வுட் ஒரு விமானத்தை ரத்து பண்ணிட்டாராம். நீங்களும் மார்லாவும் ஒண்ணாவே போகலாமாம். இனிமே அந்த விதி உங்களுக்கு இல்லையாம். நல்லதாப் போச்சு, வழித்துணையாச்சு!"

முக்கால் மணி நேரமாக உட்காராத ரஸ்ஸல், நாற்காலியைத் தேடினார்.