பக்கத்து இறக்கை

ஓர் ஏரியில் வெள்ளச்சி, செவந்தி என்று இரண்டு இளம் பூநாரைகள் இருந்தன. மழைக்காலம் முடிந்ததும் கூட்டம் தூர தேசம் கிளம்பும். அதற்காகக் காலையில் வழிப்பாடம் நடக்கும். சாயங்காலம் ஜோடி ஜோடியாகப் பறந்து பழகும். அந்த ஜோடிதான் பயணத்திலும் பக்கத்தில் பறக்கும்.

வெள்ளச்சிக்குப் படிப்பென்றால் உயிர். சாயங்காலமானால் செவந்தி வந்து கூப்பிடும்.

"ஒரு சுத்து சுத்திட்டு வந்து படியேன்டீ. வழி எங்கேயும் ஓடிப் போயிடாது."

"இன்னும் மூணு மலைதான் பாக்கி. நாளைக்கு வரேன்."

"உன்னோட நாளைக்கு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே செவந்தி போகும். போகப் போகக் கூப்பிடுவதும் நின்றது. தொந்தரவு விட்டதென்று வெள்ளச்சி நிம்மதியாகப் படித்தது.

கிளம்பும் நாளன்று, ஆண்டவன் புண்ணியத்தில், முழு வழியையும் பிசகில்லாமல் ஒப்பித்தது. பெரிய பறவைகளே அசந்துபோயின. அந்தப் பெருமையோடு செவந்தியின் பக்கத்தில் போய் நிற்கப் பார்த்தது. அங்கே குட்டையம்மா என்ற இன்னொரு பூநாரை நின்றிருந்தது.

செவந்தி தலையைக் குனிந்துகொண்டது. "கோவிச்சுக்காதே வெள்ளச்சி. நீ வருவேன்னு ரொம்ப நாள் பார்த்தேன். இப்ப இவ இறக்கை வீச்சுதான் எனக்குப் பழகிப் போச்சு."

யாரைக் குறை சொல்வது? வெள்ளச்சி, பாவம், வரிசையின் கடைசியில் தனியாகப் பறந்தது. மத்தியானம் கீழே ஒரு பெரிய ஏரி விரிந்தது. அதன் பெயர், ஆழம், அதில் கிடைக்கும் இறால் எல்லாமே வெள்ளச்சிக்கு அத்துப்படி. சொல்லலாமென்று ஆசையாகத் திரும்பியது. பக்கத்தில் காற்றுதான் இருந்தது.