பாதியில் நின்ற வாக்கியம்

நோய் இளம்பரிதியின் பேச்சைப் பறித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வலது கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். அதனால் ஒரு பொத்தானை அழுத்தி எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பான். மடிக்கணினி வாசித்துச் சொல்லும். அன்று மத்தியானம் அது, "வேணி, இனிமே எனக்கு" என்று சொன்னபோது மின்சாரம் போனது. திரை இருண்டது.

பழைய பேட்டரி உப்பிப்போனதால் காலையில்தான் அவன் மனைவி கமலவேணி புதியதை வாங்கி மாட்டியிருந்தாள். கணினி அதைக் கண்டுகொள்ளவேயில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"கழட்டிட்டு, பவர் பட்டனை முப்பது செகண்ட் அமுக்கிப் பிடிங்கக்கா. அப்புறம் மாட்டிப் பாருங்க."

நான்கு முறை செய்தாள். சின்ன விளக்குகூட எரியவில்லை.

"பேட்டரி நல்லதுதாங்கக்கா. உங்க மெஷின் அத ஏத்துக்க மாட்டேங்குது. வேற வரவழைக்க ஒரு வாரமாகும்."

மின்வாரியத்தில், மரம் விழுந்திருக்கிறது, நாளைதான் என்றார்கள்.

அவள் கட்டிலருகே உட்கார்ந்து அவன் கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேங்க. வேணுங்கறப்ப அமுக்குங்க. ஆமாம்னாலும் அமுக்குங்க."

அகரத்திலிருந்து னகரம்வரை நிதானமாகச் சொன்னாள். விரல் அசையவில்லை. மறுபடியும் சொன்னாள். இரண்டாம் முறை பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"என்னங்க, சொல்ல வேணாம்னு நெனைக்கிறீங்களா?"

விரல் அழுத்தியது. அழுத்தியபடியே இருந்தது.